குடிகாரன் ஐட்டம்

சைக்கிள் சாய்ந்துவிடாமல் மொக்கம்மாள் இடுப்பை அண்டக் கொடுத்தாள். ஒரு கை ஹேண்டில்பாரில் இருந்தது. இன்னொரு கை ஒச்சாண்டியின் அக்குளுக்கடியில். அவன் தலை அவள் தோளில் வந்து விழுந்தபோது வாயிலிருந்த பற்பொடி நுரை அவள் ரவிக்கையில் ஒட்டியது. பல் விளக்கிக்கொண்டிருந்தவன் கொப்பளிக்கக்கூட இல்லை.

"சின்னக்கருப்பு, அவுக காலைப் பிடி. தரையில பட்டுராம."

கொழுந்தன் செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். காலைப் பிடித்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு மதினியைப் பார்த்தான்.

"தெரியுது," என்றாள் மொக்கம்மாள். "நீ காலை விடாத."

வெளியே ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோவில் பொட்டலின் ஓரத்தில், நாலு பக்கமும் தென்னந்தட்டி வைத்து அடைத்த மறைப்பு அது. எட்டு நாள் காலைக் கீழே வைக்காமல் சைக்கிள் சுற்றுகிறவன், காலையில் கொஞ்ச நேரம் அதற்குள் வந்து, ஊன்றியிருக்கும் கம்பைப் பிடித்து நின்று, குளிப்பது முதல் எல்லாவற்றையும் வண்டியில் இருந்தபடியே முடித்துக்கொண்டு போவான். பெண்டாட்டியும் தம்பியும் தவிர யாரும் உள்ளே வருவதில்லை. அன்று ஆறாம் நாள்.

முந்தின நாள் சாயங்காலம் அவனைப் பெஞ்சில் மல்லாத்தி, கால் இரண்டையும் சைக்கிள் பார் மேல் போட்டு, நெஞ்சில் ஆட்டுக்கல்லை வைத்துச் சம்மட்டியால் உடைத்தார்கள். கல் லேசில் உடையவில்லை. உடைகிற வரைக்கும் அடித்தார்கள். விசில் அடங்கியதும் வண்டியில் ஏறியவன், ராத்திரி பூராவும் இடது கையை உதறிக்கொண்டே சுற்றினான். வாய்வு என்றான். ஓமத்தண்ணீர் கொடுத்தாள், குடித்தான்.

இசைத்தட்டு முடிந்து மறுபடி அதே பாட்டு ஆரம்பித்தது. ஆளைக் காணோமே என்று கமிட்டித் தலைவர் சீனிச்சாமி தட்டியை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மைக்செட் கடைக்காரன் ராஜமணி. இரண்டு பேரும் பார்த்த மாத்திரத்தில் ஒரு எட்டுப் பின்னால் போய், தட்டியில்கூடக் கை படாமல் நின்றார்கள். இருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் காப்பு.

"உசுரு போச்சுன்னு நீ சொல்லாத ஆத்தா," என்றார் சீனிச்சாமி. "நானும் கேக்கல."

அவர் குரலில் கொடுமை எதுவும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் எப்போது விடுகிறார்கள் என்று பேசுகிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். காப்புக் கட்டின ஊர். சாயங்காலம் முளைப்பாரி எடுக்கிறார்கள். இழவு என்று ஒரு சத்தம் எழும்பினால் நடை சாத்தியாக வேண்டும், வருஷம் முழுக்கக் காத்திருந்த ஊர் வெறும் கையோடு நிற்கும். காப்புக் கட்டினவன் எவனும் பிணத்தைத் தொட மாட்டான், தூக்க ஆள் கிடைக்காது. குப்பை அடிக்கிற மாட்டுவண்டி ஒன்றைப் பின்பக்கமாக அனுப்பச் சொல்கிறேன் என்றார். ஓட்டுகிறவன் வெளியூர்க்காரன். மேலே சாக்குப் போட்டுச் சாக்கடைச் சந்து வழியாக வாய்க்கால் பாலத்தைத் தாண்டிவிட்டால் ஊர் எல்லை முடிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய டிராக்டர் நிற்கும். வருசநாட்டில் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவரும்.

"சாக்குப் போட்டு மூடியா?" என்று கேட்டாள் மொக்கம்மாள்.

"நாலு பேரு கண்ணுல பட்டா கதையாகிரும்ல."

"மாடு செத்தாத்தேன் அப்படிக் கொண்டுபோவாக."

"இதுல போயி கௌரவம் பாத்தா எப்படிக்கா?" என்றான் ராஜமணி.

அவள் அவனைப் பார்த்தாள். வருசநாட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து இந்த ஆட்டத்துக்கு அழைத்தவன் அவன்தான். சும்மா சுத்துறதை எவன் பாக்குறான், கல்லு உடைக்கிறதுன்னா வாங்க, இல்லைன்னா கோட்டூர் சைக்கிள் பார்ட்டிக்குச் சொல்லிருவேன் என்று சொன்னவனும் அவன்தான்.

சும்மா சுத்துறது. பிரேக்கும் மட்கார்டும் கழற்றிப்போட்ட அந்த வண்டியில் ஒச்சாண்டி செய்யாதது என்ன இருந்தது? பின்பக்கமாகவும் ஓட வேண்டும் என்று பிரீவீலை எடுத்துவிட்டு, சக்கரத்தோடு பெடலும் சேர்ந்து சுற்றுகிற மாதிரி பூட்டியிருந்தான். ஹேண்டில்பார் மேல் உட்கார்ந்து பின்னோக்கி மிதிப்பான். முன்சக்கரத்தைத் தூக்கி ஒற்றைச் சக்கரத்தில் பொட்டலைச் சுற்றுவான். கீழே கிடக்கும் கைக்குட்டையைப் பல்லால் எடுப்பான். நாலைந்து பார்ட்டிகளைக் கூட்டி ஒரு சித்திரைத் திருவிழாவில் போட்டி வைத்தபோது, வேறெந்த வித்தையும் காட்டாமல் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி வெள்ளிப் பதக்கம் வாங்கினான். மண்ணில் ஒற்றைக் கோடுதான் விழுந்திருந்தது. ஒரு நாள் பூராவும் சுற்றினாலும் கோடு ஒன்றுதான் விழணும் என்பான். மொக்கம்மாள் ஓட்டினால் தடம் கண்டபடி போகும். வண்டி ஓட்டுறியா, வைக்கோல் பிரி திரிக்கிறியா என்று கேட்பான்.

அப்போதெல்லாம் அவளும் ஆட்டத்தில் இருந்தாள். பிறகு வித்தையைவிட நாள் கணக்குப் பெரிதாயிற்று. ஒரு பார்ட்டி ஐந்து நாள் சுற்றினால் இன்னொரு பார்ட்டி ஏழு நாள். ஊருக்குள் பெட்ரோமாக்ஸ் போய் டியூப் லைட் வந்தது, எரிந்துபோன டியூப் லைட்டுகளை நெஞ்சில் உடைக்கச் சொன்னார்கள். அதுவும் அலுத்தபோது மதுரையிலிருந்து ஆட்டக்காரிகளைக் கூட்டிவந்தார்கள். அதே சித்திரைப் பொட்டலில் அடுத்த முறை நடந்த போட்டியில் பல்பைக் கடித்துத் தின்றவனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

"நடுத்தெருவுல மேளம் வச்சுத்தேன் கூட்டியாந்தீக," என்றாள் சீனிச்சாமியிடம். "நடுத்தெரு வழியாத்தேன் போவாக."

"எப்படித்தா போறது? ஊரே தெருவுல நிக்குது."

"குடிகாரன் ஐட்டம் போடுறேன்."

சின்னக்கருப்பு தலையை நிமிர்த்தினான். ராஜமணியின் முகத்தில் தன்னையறியாமல் ஒரு சிரிப்பு வந்து, உடனே போனது. சின்ன வயதில் அவன் பார்த்திருக்கிறான். அந்தப் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. மிதமிஞ்சிக் குடித்த புருஷனைப் பெண்டாட்டி சைக்கிள் பாரில் ஏற்றி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவாள். அவன் இந்தப் பக்கம் சரிவான், அந்தப் பக்கம் சரிவான், அவள் தோளில் தலையைப் போட்டுத் தூங்குவான். மைக்கில் சின்னக்கருப்பு பெண் குரலில் ஒப்பாரி வைப்பான். பொட்டல் வயிறு வலிக்கச் சிரிக்கும். கடைசியில் அவள், 'எறங்குங்க, வீடு வந்துருச்சு' என்பாள். உடனே ஒச்சாண்டி துள்ளிக் குதித்து, ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நிறுத்தி, கூட்டத்துக்குக் கும்பிடு போடுவான். ஓட்டுவது அவள் வேலை. நிறுத்துவது அவன் வேலை.

"ஓட்டிருவியா?" என்று கேட்டார் சீனிச்சாமி. பிள்ளை பெற்ற பிறகு அவள் வண்டி ஏறியதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

"ஓட்டுவேன்."

அவர் யோசித்தார். சின்னக்கருப்பு மைக்கை விட்டு அசையக் கூடாது, அவன் குரல் கேட்கவில்லை என்றால் ஊருக்குச் சந்தேகம் வரும் என்றார். டிராக்டரை இப்போதே போகச் சொல்கிறேன் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"பாலம் தாண்டுற வரைக்கும் வாய்விட்டு அழுதுறக் கூடாது."

"அழுதுக்கிட்டு வண்டி ஓட்ட முடியாது," என்றாள் மொக்கம்மாள்.

அவர்கள் போனபின் இரண்டு பேரும் வேலையைப் பார்த்தார்கள். முகத்தைத் துடைத்து நுரையை எடுத்தாள். தாடை தொங்க ஆரம்பித்திருந்தது. வெள்ளைத் துணியைக் கிழித்து நாடியோடு சேர்த்து உச்சியில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். அதற்கு மேல் சிவப்புத் துண்டைக் கோணலாக முண்டாசு கட்டியதும் பல்வலிக்காரன் மாதிரி இருந்தான். கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள். கரித்துண்டால் மீசையை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டாள். காலிச் சோடா பாட்டிலைக் கைக்குள் வைத்துக் கைக்குட்டையால் கட்டினான் சின்னக்கருப்பு. கால்கள் சக்கரத்தில் சிக்காமல் இருக்க இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டித் தூக்கி, முன்பக்கம் பாரோடு பிணைத்தான். அந்த முடிச்சைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டான்.

"மதினி..."

"இறுக்கிக் கட்டு. வழியில அவிழ்ந்துறப் போவுது."

சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினாள். பாரில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தவனை அவள் இடுப்போடு சேர்த்து ஒரு துண்டால் சுற்றினான் சின்னக்கருப்பு. தலை தோளுக்கு வந்தது. பழைய இடம்தான். கனம்தான் வேறு. முன்பு தூங்குகிற மாதிரி சாய்ந்தபோதும் அவன் உடம்பு வண்டியின் போக்கைப் பார்த்து அவளுக்குத் தெரியாமல் சரிசெய்துகொண்டே வரும். அவள் ஓட்டியதாக நினைத்த பாதியை அவன்தான் ஓட்டியிருக்கிறான். கொழுந்தன் பின்னாலிருந்து தள்ளிவிட்டபோது வண்டி ஒரு முழம் இடதுபக்கம் ஓடியது. பல்லைக் கடித்து நேராக்கினாள்.

தட்டி விலகியதும் பொட்டலில் ஒரு கூச்சல் எழும்பியது. குடிகாரன், குடிகாரன் என்று பழைய ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கூட்டம் வழிவிட்டு, பின்னாலேயே ஓடிவந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. பெரியோர்களே தாய்மார்களே என்று ஆரம்பித்தான் சின்னக்கருப்பு. குடிகாரன் வீட்டுக்குப் போறான், வழிவிடுங்க என்றான். பிறகு ஊர் முழுக்க அந்தக் குரல் கேட்டது.

"ஏ எங்க அண்ணே... என்னைய விட்டுட்டுப் போறியே... தனியா என்னைய விட்டுட்டுப் போறியேண்ணே..."

தெரு வெடித்துச் சிரித்தது. பலசரக்குக் கடை வாசலில் நின்றவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். 'பொண்டாட்டி குரலுக்குப் பதிலா தம்பி குரல்லயே அழுகுறான் பாரு, என்னமா நடிக்கிறான்' என்று ஒருத்தன் மற்றவனிடம் சொன்னது மொக்கம்மாளின் காதில் விழுந்தது. கோவில் படியில் சீனிச்சாமி நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முன்சக்கரத்தை மட்டும் பார்த்தாள்.

பெடல் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றியதால் காலை ஒரு நிமிஷம் ஆற்ற வழியில்லை. தொடை எரிந்தது. தெருமுக்கில் முளைப்பாரிக்கு மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி, "இந்தாங்கடி, போதை தெளியட்டும்!" என்று குடத்தோடு ஒச்சாண்டியின் தலையில் ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் முண்டாசில் இறங்கி, கண்ணாடியில் வழிந்து, நெஞ்சில் ஓடியது. வண்டி தள்ளாடியது. மொக்கம்மாள் இரண்டு முழங்கையாலும் அவனை அணைத்து நிமிர்த்தினாள். அதற்கும் கைதட்டினார்கள்.

"அடியே மொக்கம்மா, வீட்டுல போயி வெளக்குமாத்தால போடு!" என்று ஒரு கிழவி கத்தினாள். கிழவிக்குத் தன் பெயர் இன்னும் ஞாபகம் இருந்தது மொக்கம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

காப்புக் கட்டினவர்கள் எல்லை தாண்டுவதில்லை. கூட்டம் பாலத்துக்கு இப்பக்கமே நின்றுவிட்டது. விசில்கள் பின்னால் தேய்ந்தன. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. பாலத்தின் மேட்டில் ஏற எழுந்து நின்று மிதித்தாள். அவன் தலை அவள் கழுத்துக்குள் சரிந்தது.

அந்தப் பக்கம் டிராக்டர் இல்லை.

சுருளிப்பட்டி ரோடு வளைகிற வரைக்கும் திராட்சைப் பந்தல்களும் வெயிலும்தான் இருந்தன. ரோட்டோரம் ஒரு புளியமரம், அதன் கீழே கதிர் அடிக்கிற களம். ஊர்ப்பக்கம் ஒலிபெருக்கியில் இப்போது ராஜமணியின் குரல் வந்தது. ஒச்சாண்டி அண்ணன் இந்தா பாலம் வரைக்கும் போயிட்டு வாராக, முளைப்பாரி முடிஞ்சதும் பொட்டல்ல பாருங்க, இன்னைக்கும் கல்லு இருக்கு என்றது. பிறகு அம்மன் பாட்டு.

இனி அழலாம். மூச்சு மிதிக்கிறதற்கே பத்தவில்லை. வண்டியில் பிரேக் இல்லை. நிறுத்திக் காலை ஊன்றினால் இரண்டு ஆள் கனமும் ஒருபக்கமாகச் சாயும். இறக்க இன்னொரு கை வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பிக் களத்துக்குள் இறக்கினாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். யாரும் வரவில்லை.

"எறங்குங்க," என்றாள் மெதுவாக. "வீடு வந்துருச்சு."

ஈரத் தலை தோளிலேயே கிடந்தது. முண்டாசின் நுனியிலிருந்து மஞ்சள் தண்ணீர் அவள் முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மிதித்தாள். புளியமர நிழல் வந்தது, போனது, மறுபடி வந்தது. களத்துப் புழுதியில் சக்கரத் தடம் முதல் சுற்றில் விழுந்த கோட்டின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.