நடு நாற்காலி

விருந்தினரின் கார் வந்து நின்றபோது இந்திராணி வாசலில் இல்லை. கல்லூரி அரங்கத்துக்குள் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வாசலைப் பரமசிவத்திடம் விட்டிருக்கவே கூடாது.

பரமசிவம் உலகப் புள்ளியியலாளர் பேரவையின் மாநிலக் கிளைச் செயலாளர். மாலை, பேனர், போட்டோ மூன்றும் இருந்தால் மாநாடே நடந்து முடிந்ததாக நம்புகிற மனிதர். இந்திராணி பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மகளிர் கல்லூரியின் புள்ளியியல் துறைத் தலைவி. பேரவையின் அயல்நாட்டு உறவுக் குழுவுக்கு வருடக்கணக்கில் மின்னஞ்சல் எழுதியே விரல் தேய்ந்தவள். வீட்டில் இருந்தபடி வேலை செய்யும் பெண்கள் அரசாங்கக் கணக்கெடுப்பில் எப்படி விட்டுப்போகிறார்கள் என்று, கென்யாவில் ஒரு பல்கலைக்கழகமும் இவள் கல்லூரியும் சேர்ந்து ஆராயப்போகின்றன. அங்கே கூடை பின்னுகிறவர்கள், இங்கே பிள்ளையார்பாளையத்தில் தறிக்கு நூல் சுற்றுகிறவர்கள். இன்று மாலை அதற்கு ஒப்பந்தம். கையெழுத்தானால் இவளுடைய மாணவிகள் சிலருக்கு ஆராய்ச்சி வேலை கிடைக்கும்.

பேரவையின் சார்பில் கையெழுத்துப் போட வந்திருப்பவர் அந்த உறவுக் குழுவின் தலைவர் டாக்டர் அகின்யி, நைரோபிக்காரப் பெண்மணி. கூட வந்திருக்கும் ஜோனாஸ், பேரவை அலுவலகத்தில் டிக்கெட்டும் ஓட்டல் அறையும் போட்டுத் தருகிற பெல்ஜியக்காரர்.

புரொஜெக்டர் ஒருவழியாக உயிர்பெற்று இந்திராணி நிமிர்ந்தபோது, மேடையின் நடு நாற்காலியில் ஜோனாஸ் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தலையணைப் பருமனுக்கு ரோஜா மாலை. பூரண கும்பமும் அவருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அகின்யியைக் கடைசி நாற்காலியில், மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள்.

இந்திராணி படியேறிப் பரமசிவத்தின் காதருகே போனாள்.

“சார், அவங்கதான் சேர்மன். நடுவுல அவங்க இல்ல உக்காரணும்?”

“தெரியும்மா. கார்ல இருந்து எறங்குனதும் அந்த வெள்ளக்காரரே சொல்ட்டாரு.”

“தெரிஞ்சுமா சார்?”

“மால போட்டாச்சும்மா, கழட்டி மாத்துனா அசிங்கமில்ல? பேப்பர்காரங்க வேற வந்துக்கினு இருக்காங்க. வெள்ளக்காரர் நடுவுல இருந்தாத்தான் போட்டோ எடுப்பா இருக்கும். இன்டர்நேஷனல்னு பாத்தவொடனே தெரிய வேணாமா?”

இந்திராணிக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. அறியாமல் செய்தால் மன்னிக்கலாம். இந்த மனுஷன் தெரிந்தே செய்கிறான்! கல்லூரி முதல்வர் தேவேந்திரனைப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, “பரமசிவம் சார் மொறச்சிக்கினா எல்லாம் கெட்டுடும், கையெழுத்து ஆவுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா” என்றார். கையெழுத்து என்ற சொல் அவள் வாயைக் கட்டிப்போட்டது. இறங்கிப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். மெழுகுவர்த்தி ஜோனாஸிடம் போயிற்று, முதல்வரிடம் போயிற்று, பரமசிவத்திடம் போயிற்று, யாரோ ஒரு பட்டுக்கடை முதலாளியிடமும் அவர் மனைவியிடமும் போயிற்று. அகின்யியின் கைக்கு வந்தபோது விளக்கின் ஐந்து திரியும் எரிந்துகொண்டிருந்தன. அந்த அம்மாள் மெழுகுவர்த்தியோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஊதி அணைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

சிறப்புரைக்கு ஜோனாஸை அழைத்தார்கள். பாவம், அவர் முகமெல்லாம் சிவந்திருந்தது. “நான் டிக்கெட் போடுகிறவன். உங்கள் விருந்தினர் டாக்டர் அகின்யி. தயவுசெய்து அவரைப் பேசவிடுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். பரமசிவம் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, “காஞ்சி மாநகரின் அழகைக் கண்டு பேச்சே வரவில்லை என்கிறார் நம் சிறப்பு விருந்தினர்!” என்று தமிழாக்கினார். பின்வரிசைப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். இந்திராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது கை கழுவும் இடத்தில் அகின்யி தனியாக நின்றிருந்தார். இந்திராணி ஓடிப்போய் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். வெட்கமாக இருக்கிறது என்றாள், கோபமாக இருக்கிறது என்றாள், என் கையில் எதுவும் இல்லை என்றாள்.

அகின்யி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “காலையில் நடந்தது எங்கே நடந்தது?”

“மேடையில்.”

“அரங்கம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், இல்லையா? அப்புறம் ஏன் குழாயடியில் வந்து மன்னிப்புக் கேட்கிறீர்கள்?”

அந்தம்மாள் தன்மீது கோபப்பட்டதே முதலில் இந்திராணிக்கு எரிச்சலாக இருந்தது. இவருக்காகக் காலையிலிருந்து வெந்துகொண்டிருப்பவள் நானல்லவா? அப்புறம்தான் உறைத்தது. வெந்தது உள்ளுக்குள். வெளியே மற்ற எல்லோரையும் போல அவளும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பிற்பகல் நிகழ்ச்சி முடிந்து, கையெழுத்துக்கு முன் நன்றியுரை. எல்லா வேலையையும் செய்தவருக்கு எந்த விழாவிலும் கடைசியாகக் கொடுப்பது அதுதானே! பரமசிவம் எழுதிக் கொடுத்த தாளை மடித்து வைத்துவிட்டு இந்திராணி மைக்கைப் பிடித்தாள்.

“நன்றி சொல்றதுக்கு முன்னால ஒரு மன்னிப்பு கேக்கணும். இந்த விழாவுக்கு நாம கூப்பிட்டது டாக்டர் அகின்யிய. மால போட்டது டிக்கெட் போட்ட சாருக்கு. தெரியாம நடக்கல. தெரிஞ்சதுக்கு அப்புறமும் மாத்தல. அவங்க கறுப்பு, அதனால ஓரமா உக்கார வெச்சோம்.”

“மேடம்!” என்றார் பரமசிவம்.

“இருங்க சார், பேசிக்கினு இருக்கேன். இங்க உக்காந்துக்கினு இருக்கிற பொண்ணுங்களக் கேக்குறேன். பொண்ணு பாக்க வந்தவன், கறுப்பா இருக்குதுன்னு டிபன துன்னுட்டு எழுந்து போனா நம்ம வூட்டுல எவ்ளோ எரியுது? அதையேதான் இன்னிக்கு நாம இவங்களுக்குப் பண்ணியிருக்கோம். நானும் பண்ணேன். காலையிலயே எனக்குத் தெரியும். கையெழுத்து போயிடுமேன்னு வாய மூடிக்கினு கை தட்டினேன்.”

அதையே ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். கடைசியில் அகின்யியின் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டாள். குரலில் அழுகை இல்லை, ஆத்திரம்தான்.

தேவேந்திரன் ஒப்பந்தக் கோப்பைச் சட்டென்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் இந்திராணி.

அகின்யி எழுந்து மைக்குக்கு வந்தார்.

“இப்போது சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், அது இருக்கிறது. கோபத்தோடு வேலை செய்து எனக்குப் பழக்கம் உண்டு. கோப்பு எங்கே?”

எல்லாக் கண்ணும் முதல்வரின் கக்கத்துக்குப் போயின. முதலில் ஜோனாஸ் எழுந்து நடு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பிறகு பெண்கள் வரிசை வரிசையாக எழுந்தார்கள். யாரும் கைதட்டவில்லை, சும்மா நின்றார்கள். தேவேந்திரன் பரமசிவத்தைப் பார்த்தார். பரமசிவம் கூரையைப் பார்த்தார். கோப்பு மெல்ல மேசைக்கு இறங்கியது.

அகின்யி நடு நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அடுத்ததாகக் குனிந்த தேவேந்திரன், பக்கத்தில் நின்ற இந்திராணியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“திங்கக்கெழம உனக்கு மெமோ வரும்.”

“வரட்டும் சார்,” என்றாள் இந்திராணி. “எதுக்குன்னு மட்டும் தெளிவா எழுதுங்க.”