பக்கிரி வைத்த அடி

கிட்ட வாங்க கண்ணுகளா. பாய் கொள்ளாவிட்டால் என் முந்தானையில் உட்காருங்கள். ஒரு வீடு யார் காலுக்குச் சொந்தம் என்று சொல்லப்போகிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வலங்கைமானுக்குக் கிழக்கே ஓர் ஊர். பண்ணையார் வைரக்கண்ணு புதுவீடு கட்ட நாள் பார்த்தார். மனையை வீட்டுக்காரன் காலால்தான் அளக்கவேண்டும், குதிகாலோடு விரல் ஒட்ட, ஓரடி ஓரடியாக. அவருக்கோ சர்க்கரைப் புண்ணால் வலதுகால் பெருவிரலை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"டேய் பக்கிரி, நீ அடி வைடா," என்றார் பண்ணையாளிடம்.

கொத்தனார் அடைக்கலசாமி நூல்கண்டைக் கீழே போட்டார். "நான் மாதா கோயிலுக்குப் போறவன்தாங்க. ஆனா மனையடில விளையாட மாட்டேன். வைக்கிற காலுக்குத்தான் வீடு."

"சுவர் எழும்பினா அவன் உள்ள வரப்போறானா? இப்ப வெறும் மண்ணுதானேய்யா!"

பக்கிரி இருபத்தோரு அடி வைத்தான். அரிவாள் பட்டுச் சுண்டுவிரல் போன இடதுகால் அவனுக்கு. வீடு எழும்பியது. கம்பம் நடக்கூடாத நடு இடத்தில், அந்தப் பிரம்மஸ்தானத்தில், வானம் பார்த்த முற்றம். பக்கிரி அதன் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை.

நாலு வருஷம் கழித்து, குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பக்கிரியின் குடிசை. அவன் தாத்தா பிறந்ததும் செத்ததும் அங்கேதான். மனை மட்டும் பண்ணையார் பேரில். வெள்ளிக்கிழமை அதிகாரி விசாரிக்க வருமுன், வியாழன் இரவு குடிசையைப் பிரித்துப்போடும்படி ஆள் ஏவினார் வைரக்கண்ணு.

ஏவிய அன்றே, உச்சிவேளையில், முற்றத்தில் நடைச் சத்தம். குதிகால், விரல். குதிகால், விரல். இருபத்தொன்றில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து. ஆள் இல்லை. ஈரக் கல்லில் தடம் மட்டும், இடதுகாலுக்கு நாலே விரலோடு. பக்கிரி அந்நேரம் ஆற்றங்கரை வயலில், இருபது பேர் நடுவில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாள். கழுவக் கழுவ வந்தது. பண்ணையாருக்குச் சோறு இறங்கவில்லை. குடிசை பிரிக்கப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார், அடைக்கலசாமியை வரவழைத்தார்.

கொத்தனார் தடத்தைக் குனிந்து பார்த்தார். "அவன் வீட்ட நீங்க பிரிக்கப் பாக்குறீங்க. இதுதான் அவன் வீடுன்னு இந்தக் கல்லு சொல்லுது. நான் என்னங்க பண்ண?"

வெள்ளிக்கிழமை, ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே, ஊரார் முன்னால் அதிகாரியிடம் வைரக்கண்ணு சொன்னார்: "அந்த மனை பக்கிரியோடதுதான்." முற்றத்து நடை அந்த நிமிஷமே நின்றது.

பக்கிரி சேதியைச் சொல்லிக்கொண்டே குடிசைக்கு ஓடி வந்தான். அவன் பெண்டாட்டி ராமாயி குடிசைத் தரையைச் சாணியால் மெழுகிவிட்டு, காயட்டும் என்று வெளியே நின்றிருந்தாள். உள்ளே கை காட்டினாள்.

ஈர மெழுக்கில் தடங்கள். உள்ளே போனவைதான், திரும்பி வந்தவை இல்லை. வலதுகாலுக்குப் பெருவிரல் இல்லை.

"ஆண்டை வாய்க்கால் தாண்டினதே இல்லையே புள்ள..."

"வாயாலதான் குடுத்திருக்காரு," என்றாள் ராமாயி. "கால் இன்னும் குடுக்கல."

சாணிச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு, வாசலிலிருந்து ஒவ்வொரு தடமாக மெழுகி அழித்துக்கொண்டே உள்ளே போனாள்.

உங்கள் வீட்டு நடுவில் உங்கள் காலடியே கேட்கட்டும், கண்ணுகளா. அதன்மேல் உங்கள் பிள்ளைகளின் காலடி விழட்டும்.