செருகினாலே ஓடும்

குவாங்ஜு நகரின் அந்தக் கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மணிக்கொரு கல்யாணம். ஒரு ஜோடி இறங்குவதற்குள் அடுத்த ஜோடி படியேறிவிடும். ஆகவே, திரையையும் ஒலியையும் கவனிக்கும் பியோ குவாங்-சொக், கணினியில் ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தார். பென் டிரைவைச் செருகினால் போதும். அதுவே திறந்து, உள்ளே முதலில் இருக்கும் படத்தைப் பெரிய திரையில் ஓட்டிவிடும். நடுவில் கீழே போய் ஒரு கிண்ணம் எலும்பு சூப் குடிக்க அவருக்கு நேரம் கிடைத்தது.

பன்னிரண்டு மணிக் கல்யாணத்தில், மாப்பிள்ளை ஓக் தே-சிக்கின் நண்பன் டிரைவை நீட்டினான். “மாப்ள சின்ன வயசுப் படம் இதுல இருக்குண்ணே.”

“செருகிட்டாப் போச்சு!” என்றார் பியோ.

திரையில் குழந்தை வரவில்லை. பனியனோடு கண்ணாடி முன் நின்ற தே-சிக் வந்தான். “அத்தே! உங்க கிம்ச்சிக்கு ஈடே இல்ல!” என்று சிரித்தான். உடனே முகம் கோணியது; கண்ணாடியில் தெரிந்த தன்னையே அதட்டினான். “டேய், மூக்கச் சுளிக்காதடா. ஊறின மீன் வாடை குடலப் புரட்டினாலும் சிரி. மறுபடியும்...”

முன்வரிசையில் இளஞ்சிவப்பு ஹன்போக் உடுத்தி அமர்ந்திருந்த மணமகளின் தாய் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தாள். ஒப்பனையையும் மீறி அவன் முகம் வெளிறியது. இந்த அம்மாளின் சம்மதத்துக்காக இரண்டு வருஷம் சியோலிலிருந்து வந்து வந்து, மீன் சேர்த்து ஊறவைத்த அந்தக் கோஸ் ஊறுகாயைச் சாப்பிட்டவன் அவன்.

பியோ டிரைவைப் பிடுங்கினார்.

“அண்ணே, நம்ம படமும் அதுலதாண்ணே இருக்கு!” என்று பதறினான் நண்பன்.

திரும்பச் செருகினார். அவர் கை மவுஸுக்குப் போவதற்குள் கணினி முந்திக்கொண்டது. “அத்தே! உங்க கிம்ச்சிக்கு...” பிடுங்கினார். செருகினார். “அத்தே!” மூன்றாம் முறை மண்டபமே சேர்ந்து சொன்னது: “மூக்கச் சுளிக்காதடா!” திரையை அணைத்துவிடலாம் என்று பியோவுக்குத் தோன்றவே இல்லை.

மணமகளின் தாய் எழுந்தாள். மண்டபம் அடங்கியது.

“மாப்ள.”

“அ... அத்தே.”

“வாடையா அடிக்குது?”

அவன் இடுப்பு ஒடியக் குனிந்தான். “கொஞ்சம்... கொஞ்சமா, அத்தே.”

“ரெண்டு வருஷமா மூணு மூணு கிண்ணம் கேட்டு வாங்கித் தின்னீங்களே! அதுக்காகவே ஒவ்வொரு தடவையும் மீன அள்ளி அள்ளிப் போட்டேனே, பாவி!” சிரிப்பை அடக்கமாட்டாமல் மணமகள் பூச்செண்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். “வர்ற மாசம் வருஷத்துக்கு வேண்டிய கிம்ச்சி போடணும். நூறு கோஸ். நீங்களே வந்து உங்க கையால பிசைங்க. மீன் எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க.”

“வந்துடறேன் அத்தே!” என்றவன் தன்னையறியாமல் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை குனிந்தான்.

“இப்ப சிரிச்சீங்களே, இது நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.