என்னடி சொல்றான்?

சோபாவை நகர்த்திய இடத்தில் பெரியவளைக் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸ் போன பிறகுதான் மாமியார் கவனித்தாள். கால்மாட்டுக்கு நேரே, சுவரில் டிவி.

"சின்னவளே, அதுமேல ஒரு துணியப் போட்டு மூடு. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

சின்னவள் போர்வையோடு வந்தாள். மூடவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஓரகத்திதான். ஆனாலும் பதினொரு வருஷமாக வாய் நிறைய அக்கா.

தினமும் மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவி, மாமியார் கண்ணயர்ந்ததும் இருவரும் இங்கேதான் உட்கார்வார்கள். இந்திப் படம். இருவருக்கும் இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. "என்னக்கா சொல்றான்?" என்று சின்னவள் கேட்பாள். அக்கா கூசாமல் அளந்துவிடுவாள். வில்லன் கத்தினால், "'மோட்டார அணைக்காம விட்டவ எவடி'ங்கிறான். அசப்புல நம்ம அத்தை." நாயகி மலையுச்சியில் சுழன்று ஆடினால், "'அடுப்புல பால வச்சுட்டு வந்துட்டேனே'ன்னு பாடுறா, பாவம்." வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை நம்பித்தான் சின்னவள் மிச்ச நாளைத் தள்ளினாள்.

ஒருமுறை நாயகன் மூன்று குண்டு வாங்கி அம்மா மடியில் சாய்ந்தான். சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அட கிறுக்கு, அவனுக்கு ஒண்ணும் ஆகல. எந்திரிச்சா வேலை சொல்வாங்கன்னு படுத்திருக்கான்."

சொன்ன மாதிரியே எழுந்து பத்துப் பேரை அடித்தான்.

நேற்று ஆஸ்பத்திரியில் அக்கா ஆசைப்பட்டாள் என்று சின்னவள் செல்போனில் ஒரு படம் போட்டாள். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. சத்தம் மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"என்னடி சொல்றான்?"

இத்தனை வருஷத்தில் அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னவள் திரையைப் பார்த்தாள். சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நின்று ஒருவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான்.

"தெரியலக்கா."

அக்கா கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கார்க்காரன் என்னதான் சொல்லியிருப்பான்? இப்போதும் தேடிப் பார்த்தாள். ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"மூடச் சொல்லி எவ்வளவு நேரமாச்சு? காது கேக்கலையா?" என்று அவள் கணவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

வாசலில் செருப்புகள் சேர்ந்துகொண்டிருந்தன. உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"பெரியவளே, வந்தவங்களுக்கு டீயப் போ..."

குரல் பாதியில் நின்றது. சின்னவள் திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

மூடாத கறுப்புத் திரையில், படுத்திருந்த ஒருத்தியின் பக்கத்திலிருந்து இன்னொருத்தி எழுந்து அடுக்களைக்குப் போனாள்.