பூசை போடாத கதவு

"ரெண்டு நாள் வேலைக்குப் போகாம வீட்டுல இரேன்" என்று பாலகுரு சொன்னபோது அவன் பெண்டாட்டி பாண்டிச்செல்விக்கு மகிழ்ச்சி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. காய்ச்சலில் கிடந்தபோதுகூட "கஞ்சியைக் குடிச்சிட்டுப் போயிட்டு வா, சரியாப் போயிரும்" என்று அனுப்பி வைத்த மகராசன் அவன். தீபாவளி சீசன் சூடு பிடித்திருக்கிற நேரத்தில், ஒரு நாள் வராவிட்டாலும் போர்மேன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற நேரத்தில், இவனுக்கு எங்கிருந்து முளைத்தது இந்தக் கரிசனம்?

"என்னத்துக்கு?" என்றாள்.

"சும்மாதான். வெயிலு அடிக்குதுல்ல."

தாயில்பட்டிப் பக்கம் என்றைக்கு வெயில் அடிக்காமல் இருந்தது? அவள் வாதாடவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கம்பெனி வேனைப் பிடிக்க நடந்தாள். நடக்கும்போதே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பெண்டாட்டியைக் காரணமில்லாமல் தாங்குகிற புருஷன் எதையோ மறைக்கிறான். இது அவள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பாலகுரு கொத்தனார். பட்டாசுக் கம்பெனிகளில் ரூம் கட்டுவதும் இடிந்ததை எடுத்துக் கட்டுவதும் அவன் பிழைப்பு. போன மாதம் வேறொரு கம்பெனியில் வெடித்ததில் ஒரு ரூமில் இருந்த நாலு பேரும் போனார்கள். அந்த ரூமுக்கு ஒரே வாசல். தீ அந்த வாசலை மறித்துக்கொண்டது. ரூமுக்கு எதிரெதிரே இரண்டு வாசல் வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பது காலங்காலமாக இருக்கிற சட்டம்தான். ஆள் செத்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. ஒற்றை வாசல் ரூமையெல்லாம் சீல் வைப்போம் என்று அதிகாரிகள் கிளம்பவும், கம்பெனிக்காரர்கள் கொத்தனார்களை வீடு தேடி வந்து கூட்டிப் போனார்கள். பாண்டிச்செல்வி திரி சொருகுகிற ரூமும் ஒற்றை வாசல்தான். அதற்கு இரண்டாவது கதவு வைத்தது பாலகுருவேதான்.

கதவு வந்ததில் அதிகம் சந்தோஷப்பட்டது முருகம்மாள். பாலகுருவுக்கு அக்கா முறை, அதனால் பாண்டிச்செல்விக்கு மதினி. முழங்கால் தேய்ந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கையூன்ற வேண்டிய மனுஷி. அதனால் இத்தனை வருஷமும் பழைய வாசல் ஓரத்திலேயே அவளை உட்கார வைத்திருந்தார்கள். புதுக் கதவு வந்ததும் அவள் தன் இடத்தைப் பாண்டிச்செல்விக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு புதுக் கதவுப் பக்கம் போய்விட்டாள்.

"இது எனக்குன்னே வச்ச மாதிரியில்ல இருக்கு" என்று கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை. போர்மேன் ராஜபாண்டியன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். "ஆடிக் காத்து உள்ள வந்தா மருந்து பறக்கும். ஆபத்துன்னா மட்டும் தள்ளுங்க, தன்னால திறந்துக்கிடும்." நியாயமான பேச்சுதான். மருந்து பறந்தால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

திரியைச் சொருகிக்கொண்டே பாண்டிச்செல்வி புருஷனைப் பற்றி யோசித்தாள். ஒரு வாரமாகவே ஆள் சரியில்லை. சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறான். அவள் வேலை விட்டு வருகிற நேரத்துக்குத் தெருமுனையில் வந்து நிற்கிறான், கேட்டால் பீடி வாங்க வந்தேன் என்கிறான். பீடிக்கடை அடுத்த முனையில் இருக்கிறது. அப்புறம்தான் அவளுக்குத் தேங்காய் ஞாபகம் வந்தது.

எந்த வேலையில் வாசல் நிலை வைத்தாலும் பாலகுரு பூசை போடாமல் வைக்க மாட்டான். மாட்டுக்கொட்டகை நிலையாக இருந்தாலும் சரிதான். மஞ்சள் குங்குமம் இட்டு, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து நிலையின் மேற்கட்டையில் கட்டி, தேங்காய் உடைத்து, சுமங்கலி ஒருத்தியை வலது காலெடுத்து வைத்து உள்ளே வரச் சொல்லி, அதற்கப்புறம்தான் சிமிண்டைத் தொடுவான். உடைத்த தேங்காயும் பழமும் கொத்தனாருக்கு. அன்றைக்கு வீட்டில் தேங்காய்ச் சட்டினி என்று எழுதியே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கதவு வைத்த அன்றைக்கு மட்டும் அவன் வெறுங்கையோடு வந்தான்.

அப்படியென்றால் அந்தத் தேங்காய் எந்த வீட்டுக்குப் போயிற்று?

அவனுக்குக் கல்லும் கலவையும் சுமக்கச் சிட்டாள் வேலைக்கு வருகிற பாண்டிமீனாவின் முகம் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. பாவம், அந்தப் பெண் ஒரு வம்புக்கும் போகாதவள். சந்தேகம் வந்தவளுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

மத்தியானம் எல்லோரும் சாப்பிட வேப்பமரத்தடிக்குப் போனபோது அவள் மட்டும் ரூமில் தங்கினாள். பூசை நடந்ததா என்று பார்த்துவிட்டால் பாதி தெரிந்துவிடும். புதுக் கதவருகே போய் நிலையைத் தடவினாள். மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை. மேற்கட்டையில் முடிச்சும் இல்லை. ஆக, தேங்காயே உடைக்கவில்லை. முதலில் நிம்மதிதான் வந்தது. பாண்டிமீனாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அந்த நிம்மதி தூக்குவாளியைத் திறக்கும் மட்டும்கூடத் தாங்கவில்லை. பூசை போடாமல் நிலை வைக்கிற ஆளா அவன்?

திரும்பிப் போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். புதுக் கதவு இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் பலகையென்றால் கொஞ்சமாவது முனகும், இது முனகக்கூட இல்லை. குனிந்து அடியில் பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது, பழைய கதவின் அடியில் வெளிச்சம் கோடாய் விழுந்து கிடக்கிறது. இங்கே இருட்டு. ஒரு ஈர்க்கை எடுத்துக் கதவுக்கடியில் விட்டாள். விரலளவு போய் நின்றுகொண்டது. வெளியே ஓடிப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு, பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அதன் அடியிலும் ஈர்க்கு விரலளவுதான் போயிற்று.

சாயங்காலம் தெருமுனையில் பாலகுரு நின்றுகொண்டிருந்தான். அவள் வீடு வரை பேசவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கதவுக்கு ஏன் பூசை போடலை?"

அவன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. வேறு எதைக் கேட்டிருந்தாலும் பூசி மெழுகியிருப்பான்.

"வெறும் சுவத்துக்கு எப்படிப் புள்ள பூசை போட?" என்றான்.

பிறகு எல்லாம் வந்தது. சுவரை வெட்டினால் கூரையை இறக்க வேண்டும், ரூமை ஒரு மாதம் மூட வேண்டும், சீசன் கையை விட்டுப் போய்விடும். அதனால் சுவரைத் தொடாமல் உள்ளே ஒரு கதவும் வெளியே ஒரு கதவும் பதிக்கச் சொன்னான் ராஜபாண்டியன். அதிகாரி வந்தார், வெளியே ஒரு போட்டோ எடுத்தார், உள்ளே ஒரு போட்டோ எடுத்தார். திறந்து காட்டு என்றதற்கு, பெயிண்ட் இன்னும் காயலை சார் என்றார்கள். அவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனையோ கம்பெனி பார்க்க வேண்டியிருந்தது.

"தீபாவளி முடிஞ்சதும் உடைச்சுத் திறந்து விட்டுருதோம்னு சொன்னாக. நான் மாட்டேன்னா வேற கொத்தனாரக் கூட்டியாருவாக. அதான் உன்னயப் போகாதன்னு சொன்னேன்."

"என்னயச் சொன்னீக. மதினிய?"

அவன் பீடிக்கட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடியில் வைத்தான்.

"அவுக அந்தச் சுவத்துல சாஞ்சுக்கிட்டில்ல உக்காந்திருக்காக. எந்திரிக்கவே கையூணணும். தீ வந்தா அங்கிட்டுத் திரும்பித்தான் தள்ளுவாக."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இவன் வேறொருத்தி வீட்டுக்குப் போயிருந்தால்கூட இப்படி அருவருத்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியென்றால் நாலு பேர் கூடிப் பேசித் தீர்த்திருக்கலாம்.

"காலைல கம்பெனிக்கு வாங்க. வந்து உங்க வாயால சொல்லுங்க. இல்லைன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா என் புருசன்னு பாக்க மாட்டேன்."

இரவு முழுக்க அவன் புரண்டுகொண்டிருந்தான். அவளும் தூங்கவில்லை. வருவானா, விடியுமுன் எங்காவது சைக்கிளை மிதித்துவிடுவானா என்று அவன் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தாள். காலையில் அவன் வேனில் ஏறி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தபோதும் அவள் நம்பவில்லை.

ரூமுக்கு முன்னால் அதில் வேலை பார்க்கிற நாலு பெண்களும் நின்றிருக்க, பாலகுரு தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். பக்கத்து ரூம் ஆட்களும் வேலையை விட்டுவிட்டுக் கூடினார்கள். அந்த ரூம்களுக்கும் இதே மாதிரிதான் புதுக் கதவு வந்திருந்தது. எல்லோரும் அவரவர் ரூமின் புதுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜபாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். "இப்ப என்ன ஆகிப்போச்சு? ஆர்டர் எம்புட்டு நிக்கிது தெரியுமா? கவர்மெண்டு ஆபீசர் பாத்துச் சரின்னு எழுதிக் குடுத்த கதவு அது. அவரை விட ஒங்களுக்குச் சட்டம் தெரியுமோ?" என்றான். பிறகு முருகம்மாள் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினான். "பெரிய மனுசி நீங்க சொல்லுங்கக்கா. ஆபீசரையே நம்பலைன்னா எப்படி?"

முருகம்மாள் பழைய வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆபீசரு சொல்லி நான் அங்கன உக்காரலைய்யா" என்றாள். "கதவு வச்ச அன்னைக்கு இவன் சிமிண்டுக் கரணையைக் கழுவிக்கிட்டு இருந்தான். ஏலே தம்பி, இது நல்லாத் திறக்குமான்னு கேட்டேன். நல்லாத் திறக்கும்க்கா, நீங்க இங்கனயே உக்காந்துக்கோங்கன்னான். அதான் போயி உக்காந்தேன்."

இதை அவன் நேற்றுச் சொல்லவில்லை. பாண்டிச்செல்வி புருஷனைப் பார்த்தாள். அவன் இல்லை என்று சொல்லிவிட மாட்டானா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை.

பெண்கள் ரூமுக்குள் போகாமல் ஒருவர் பின் ஒருவராக வேப்பமரத்தடிக்கு நடந்தார்கள். ராஜபாண்டியன் பின்னாலேயே போய்ப் பேசிக்கொண்டிருந்தான். பாலகுரு பெண்டாட்டி கையைத் தொட வந்தான். அவள் கையை விலக்கிக்கொண்டு முருகம்மாளின் கக்கத்தில் தோளைக் கொடுத்து, அவள் நடைக்கு மெதுவாக நடந்து போனாள்.