ராஜேஸ்வரியின் ஒரு பிடி வெல்லம்

"சிம்பிளா செஞ்சா போதும் சுதா" என்று போனில் சொன்னவள் நாத்தனார் ராஜேஸ்வரி. போளூரில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கென்ன? ஜவ்வாது மலைமேல் நாற்பது பேருக்கு உலை வைக்கப் போகிறவள் ஜெயசுதா அல்லவா!

மாமனார் தங்கவேலுவுக்கு எழுபது வயது நிறைகிறது. சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, சாமைப் பாயசம் என்றுதான் ஜெயசுதா நினைத்திருந்தாள். ஆளாளுக்கு ஒரு சிம்பிளைச் சேர்த்ததில் மெதுவடை வந்தது, பலாக்கொட்டைப் பொரியல் வந்தது, பிள்ளைகளுக்குத் தனியாகத் தக்காளி சாதமும் வந்தது. ஒத்தாசைக்கு வருவதாகச் சொன்னவர்கள் வந்ததும் வராததுமாகப் பலாமரத்தடியில் செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்கள்.

அவளுக்கு இன்று ஒரே ஓர் ஆசை. ஓசூரிலிருக்கும் அக்கா ஷோபனா மூன்று வருஷம் கழித்துக் காலையில்தான் வந்திருந்தாள். இரண்டு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். முதல் பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமான பதினோரு வருஷத்தில் இந்த வீட்டு விசேஷம் எதிலும் ஜெயசுதா சூடாகச் சாப்பிட்டதில்லை. கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதுதான் அவள் பங்கு.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அப்பாவின் விசேஷத்துக்கு வைக்கும் பாயசத்தில் மகள் தன் கையால் ஒரு பிடி வெல்லம் போட வேண்டும். அதனால் காலையிலிருந்தே ஜெயசுதா கெஞ்சினாள்.

"அண்ணி, இப்பவே வந்து வெல்லத்த போட்டுடுங்க. பால் ஊத்துன பிறகு போட்டா திரிஞ்சிடும்."

"தோ வர்றேன்" என்றாள் ராஜேஸ்வரி. தலைக்குப் பூ வைத்தாள், யாரோடோ பேசினாள், வரவேயில்லை.

பன்னிரண்டரைக்குப் பாயசத்தை இறக்கி, ஆறவிட்டு, பால் சேர்த்து மூடினாள் ஜெயசுதா. ஒன்றேகாலுக்கு இலை போட்டார்கள். பக்கத்து இலையில் யாரையும் உட்காரவிடாமல் ஷோபனா கையை வைத்துக் காத்திருந்தாள். ஜெயசுதா முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் அடுக்களையிலிருந்து "அய்யய்யோ" என்று சத்தம்.

பாயசம் ஆறிவிட்டதே என்று ராஜேஸ்வரி அடுப்பைப் பற்றவைத்து, கொதிக்கக் கொதிக்கத் தன் பிடி வெல்லத்தைப் போட்டிருந்தாள். பால் திப்பி திப்பியாகத் திரிந்து நின்றது.

கணவன் சதீஸ்குமார் எட்டிப் பார்த்தான். "இன்னா சுதா, கொஞ்சம் பாத்துப் பண்ணக் கூடாதா?"

ஜெயசுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாயசத்தைக் கெடுத்தவளை விட்டுவிட்டுக் கேள்வி மட்டும் தனக்கா?

"வுடுடா, ரவை இருக்குதில்ல?" என்றாள் ராஜேஸ்வரி. "சிம்பிளா ஒரு கேசரி கிண்டிடு சுதா. இருபது நிமிஷம்."

மணி ஒன்று இருபத்தைந்து. ஜெயசுதா ரவை டப்பாவை எடுத்தாள். பழகிய கை, தானாகவே வாணலியையும் எடுத்து அடுப்பில் வைத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஷோபனா இன்னும் அந்த இலைமேல் கை வைத்திருந்தாள். தன் இலையிலும் அவள் ஒரு பருக்கை தொட்டிருக்கவில்லை.

ஜெயசுதா கரண்டியை ராஜேஸ்வரி கையில் வைத்தாள்.

"சிம்பிள்தான அண்ணி. நீங்களே கிண்டுங்க."

"நானா? நாப்பது பேருக்கு எவ்ளோ ரவைன்னு எனக்கின்னா தெரியும்?"

ஜெயசுதா நேராகப் பந்திக்குப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க, சாம்பார் கொண்டாங்க" என்றாள். சதீஸ்குமார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, இலையில் எந்தப் பக்கம் என்று தடுமாறி ஊற்றினான். முதல் வாயே நாக்கைச் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாடி?" என்றாள் ஷோபனா.

"சூடா இருக்குதுக்கா" என்றாள் ஜெயசுதா.