பல்லுக்குப் போகும் வெள்ளி

விடியும் முன்பே பட்டறையின் ஜன்னல்களை அடைத்துவிடுவார்கள். காற்று வந்தால் வெள்ளித்தூள் பறக்கும். பறந்தால் முதலாளிக்கு நஷ்டம்.

பெண்கள் வாசலிலேயே தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றித் துணியில் முடிந்து ஆணியில் மாட்டினார்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும். தங்கத்தை வெளியே விட்டுவிட்டு ஆள் உள்ளே போக வேண்டும். அதுதான் வழக்கம். அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை.

நெட்டை தன் இடத்தில் உட்கார்ந்தாள். குனிந்து குனிந்து முதுகு வளைந்துவிட்டது. பெயர் மட்டும் நிமிர்ந்தே நின்றது.

நகத்தளவு குப்பி. அடியில் வெள்ளித்தூள். மேலே மெல்லிய தாள். அதன்மேல் ஒரு சொட்டு பாதரசம். மூடி. பல் டாக்டர் எங்கோ அதைக் குலுக்குவார்; தாள் கிழிந்து இரண்டும் பசையாகும். சொத்தைக் குழியில் வைத்து அழுத்தினால் கல்லாய் இறுகும்.

அவள் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. குப்பி கையில் இருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. நாக்கில் செம்புக் காசைச் சப்பிய ருசி. எப்போதிருந்து என்று நினைவில்லை.

பக்கத்தில் அவள் அண்ணி. அண்ணியின் கை ஆடியது. சொட்டு மேஜையில் விழுந்து, உடைந்து, உருண்டோடியது.

"அண்ணி முத்து உதிர்க்கிறாங்கடி," என்றாள் எதிரே இருந்த வாயாடி. "பொறுக்கி மாலை கோத்துடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. முதலாளி பின்னால் நின்றிருந்தார்.

"நேத்தும் சிந்துச்சு. என்னம்மா இது?"

"குளிருது முதலாளி."

அண்ணியின் நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில எல்லாரும் கையைக் காட்டணும். நடுங்கற கைக்கு இங்க வேலை இல்ல."

நெட்டை தன் கைகளை மேஜைக்குக் கீழே இறக்கினாள்.

சாயங்காலம் எதிர்வீட்டில் விட்டிருந்த தன் குழந்தையை வாங்கிக்கொண்டாள். தோளில் காதைத் தேய்த்துத் தேய்த்து அது கொஞ்சியது. தினமும் அப்படித்தான். உள்ளே போய் விளக்கைப் போட்டபோது பார்த்தாள். குழந்தையின் இடது காதுத் தோடு வெளுத்திருந்தது.

பட்டறைப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. தோட்டைக் கழற்றி இடுக்கியால் பிடித்து அடுப்பில் காட்டினாள். வெள்ளை மெல்ல மறைந்தது. மஞ்சள் திரும்பி வந்தது. அப்பாடா என்றிருந்தது.

பிறகு கேட்டாள், வாய்விட்டே: "வெள்ளை எங்க போச்சு?"

ஒற்றை அறை. கொசுவுக்காகக் கதவைச் சாத்தியிருந்தாள். சூட்டில் ஆவியான பாதரசம் வெளியே போக வழியில்லை. பாயில் குழந்தை வாயைப் பிளந்துகொண்டு அடுப்பையே பார்த்திருந்தது. பட்டறை வாசலை மிதிக்காத குழந்தை. அப்படியானால் பாதரசத்தை யார் கொண்டுவந்தது?

தன் தோளைப் பார்த்தாள். ரவிக்கைத் தையலைப் பார்த்தாள்.

அடுப்பை அணைத்தாள். குழந்தையைத் தூக்கி, தன் மேல் படாமல் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்தபடி தெருவுக்கு வந்தாள். அது அழுதது. அவளுக்கு அழுகை வரவில்லை.

அடுத்த வாசலிலிருந்து அண்ணி வந்தாள்.

"ஏன்டி, பிள்ளையைப் பூனைக்குட்டி மாதிரி தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கிற?"

சொன்னாள். அண்ணி தன் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நானும் மூக்குத்தியை அப்படித்தான் சுட்டேன். எத்தனையோ தடவை." பிறகு, "நாளைக்கு என்னை அனுப்பிடுவாங்க. நீ வாயைத் திறக்காத. உனக்காவது சோறு இருக்கட்டும்."



மறுநாள் பட்டறை முற்றத்தில் நெட்டை எல்லோரிடமும் தோடு வெளுத்ததையும் அதைச் சுட்டதையும் சொன்னாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வேறு யார் வீட்டுக் கதையையோ சொல்வது போல. ஒருத்தி தன் முந்தானையை முகர்ந்து பார்த்தாள். மணம் ஏதும் இல்லை. யாரும் உள்ளே போகவில்லை.

முதலாளி வந்தார்.

"என்ன, வெளியே மாநாடா?"

"ஜன்னலைத் திறங்க முதலாளி," என்றாள் நெட்டை. "வேலைத் துணியை இங்கேயே மாத்திக்க இடம் வேணும். குளிக்கத் தண்ணி வேணும். எங்களையும் பிள்ளைங்களையும் டாக்டர் பாக்கணும். அப்புறம் உள்ள போறோம்."

"ஊரே இதைப் பல்லுல வச்சுக்கிட்டுத் திரியுது. வாயில வைக்கிறது விஷமா?"

"பல்லுல அது கல்லு. எங்க கையில தண்ணி."

"அது கிடக்கட்டும்," என்றாள் வாயாடி. "ஊருக்கெல்லாம் இதை அடைச்சிட்டு முதலாளி பல்லுல மட்டும் ஏன் வெள்ளைச் சிமெண்டு அடைச்சிருக்கு?"

அவர் வாயை மூடிக்கொண்டார். திறந்தபோது குரல் மாறியிருந்தது.

"கையை நீட்டுங்க. எல்லாரும்."

அண்ணிதான் முதலில் நீட்டினாள். காற்றே இல்லாத முற்றத்தில் அந்தக் கை இலையாய் ஆடியது.

"நீ போகலாம். அடுத்து."

வாயாடி நீட்டினாள். கல்லில் செதுக்கிய கை.

"பாத்தீங்களா, இது கை," என்றார் முதலாளி.

வாயாடி அண்ணியைப் பார்த்தாள். பிறகு அவள் கையும் ஆட ஆரம்பித்தது. நடிப்பு சுத்தமாக வரவில்லை. கோழி விரட்டுகிற ஆட்டம்.

"ஐயையோ முதலாளி, எனக்கும் வந்துடுச்சே!"

அடுத்தவள் நீட்டினாள், ஆட்டினாள். அதற்கடுத்தவள். வரிசை முழுக்கக் கைகள் ஆடின. நெட்டை முந்தானைக்குள்ளிருந்து தன் கைகளை எடுத்து நீட்டினாள். அவள் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

முதலாளியின் கண்கள் கை கையாகத் தாவின. எது நோயில் நடுங்குகிறது, எது துணைக்கு நடுங்குகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"எத்தனை நாளைக்குன்னு பாத்துடறேன்," என்று கதவைப் பூட்டினார். சாவியோடு வண்டியில் ஏறிப் போனார்.

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. யாரும் கையை இறக்கவில்லை.